அந்தக் குழந்தையின் பெயர் என்ன?



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. மதிப்பீட்டுத் தாள்களையும் கோப்புகளையும் ஒருவாறு ஒதுக்கி வைத்துவிட்டேன். நெடுநாளாக என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றை இந்த ஓய்வில் எழுதிவிட எண்ணுகிறேன். இஃது ஐரோப்பிய வரலாற்றைப் பற்றிய கட்டுரை. கூடவே, ஓர் ஆசிரியர் தம் வகுப்பறையில் செய்த பிழையைப் பற்றிய ஒப்புதலும் ஆகும். அவ்வாசிரியர் வேறு யாருமல்லர்; நான்தான்.

1989-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அப்பொழுது எனக்கு வயது ஒன்பது. தோட்டத்து வீட்டில் இரவு உணவு முடிந்ததும் அப்பா தொலைக்காட்சியில் செய்தி பார்ப்பது வழக்கம். அன்று திரையில் ஏதோ ஒரு குளிர்நாடு தெரிந்தது. தோண்டப்பட்ட மண்ணருகே வரிசையாக உடல்கள் கிடத்தப்பட்டிருந்தன. ஒரு பெண்ணின் உடல்மீது ஒரு பச்சிளங்குழந்தையின் உடல். அம்மா முந்தானையால் என் கண்களை மூடினார். மூடுவதற்குள் நான் பார்த்துவிட்டேன்.

"தாயையும் பிள்ளையையும் சேர்த்துக் கொன்னு போட்டிருக்கான் பாவி" என்றார் அப்பா. அந்நாடு ருமேனியா, அந்நகரம் திமிஷ்வாரா, அந்தப் பாவி, அந்நாட்டை 24 ஆண்டுகள் ஆண்ட நிக்கொலாய் சௌசெஸ்கு என்பதைப் பின்னாளில் அறிந்துகொண்டேன்.

ஆசிரியரான பிறகு அக்காட்சி எனக்குப் பாடப்பொருளாயிற்று. ஆறாம் ஆண்டு நன்னெறிக் கல்வியில் நீதியுடைமையைப் பற்றிக் கற்பிக்கும்போது, கொடுங்கோன்மைக்கு எடுத்துக்காட்டாக அந்தத் தாயையும் சேயையும் பற்றிக் கூறுவேன். வகுப்பு அமைதியாகிவிடும். சில பிள்ளைகளின் கண்கள் கலங்கும். பாடம் நன்றாக அமைந்தது என்ற நிறைவோடு வெளியே வருவேன். நான்கு ஆண்டுகள் இப்படியே கற்பித்தேன்.

ஐந்தாம் ஆண்டில் ஒரு மாணவி கையை உயர்த்தினாள். "டீச்சர், அந்தப் பாப்பா பேரு என்ன?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. நாளை சொல்கிறேன் என்றேன். அன்றிரவு தேட உட்கார்ந்தேன். பெயர் கிடைத்தது. ஆனால், பெயரோடு சேர்ந்து கிடைத்த செய்தி என்னை உறங்கவிடவில்லை.

அந்தப் பெண் அந்தக் குழந்தையின் தாயே அல்லள். கல்லீரல் நோயால் நவம்பர் மாதத்திலேயே இறந்தவர் அவர். அந்தக் குழந்தையும் மக்கள் எழுச்சி தொடங்குவதற்குச் சில நாள்களுக்கு முன்பே இயற்கையாக இறந்துவிட்டது. இருவரும் ஏழைகளுக்கான இடுகாட்டில் தனித்தனியே புதைக்கப்பட்டவர்கள். டிசம்பர் 22-ஆம் நாள் அவ்விடுகாட்டைத் தோண்டியபோது அவ்வுடல்கள் அருகருகே வைக்கப்பட்டன. உலகத் தொலைக்காட்சிகள் அதைப் படம் பிடித்தன. சில உடல்களில் காணப்பட்ட நீண்ட தையல் தழும்புகள் சித்திரவதையின் அடையாளம் எனப்பட்டன. அவை மருத்துவமனையில் செய்யப்பட்ட பிணக்கூறாய்வின் தையல்கள். இவ்வுண்மை 1990 ஜனவரி மாத இறுதியில் வெளிவந்தது. அதற்குள் உலகம் வேறு செய்திகளுக்குப் போய்விட்டது. என் அப்பா அந்தத் திருத்தத்தைக் கேட்டதே இல்லை. நானும் கேட்கவில்லை.

எண்ணிக்கையும் அப்படித்தான். திமிஷ்வாராவில் 4,600-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் என்று கிழக்கு ஐரோப்பியச் செய்தி நிறுவனங்கள் அறிவித்தன. மேற்கு நாடுகளின் ஊடகங்கள் அதை அப்படியே ஏற்று உலகெங்கும் பரப்பின. அந்நகரில் உண்மையில் உயிரிழந்தவர்கள் ஏறத்தாழ நூறு பேர்.

மறுநாள் வகுப்பிற்குச் சென்று, நான் கூறியது தவறு என்று ஒப்புக்கொண்டேன். பிள்ளைகள் என்னை வியப்போடு பார்த்தனர். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "அப்படின்னா அந்த அதிபர் நல்லவரா, டீச்சர்?" என்று கேட்டான்.

நண்பர்களே, இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான். ஒரு பொய்ச் செய்தி அம்பலமாகும்போது ஒரு குழந்தையின் மனத்தில் எழும் முதல் முடிவு அதுவே. குழந்தையின் மனத்தில் மட்டுமா? "ஊடகங்கள் எல்லாம் பொய், எதையும் நம்பாதே" என்று பெரியவர்களாகிய நாமும் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்!

அவனுக்கு நான் சொன்ன விடையை இங்குச் சற்று விரிவாகக் கூறுகிறேன்.

சௌசெஸ்கு நல்லவர் அல்லர். அவருடைய ஆட்சியில் தட்டச்சுப் பொறி வைத்திருப்பவர்கள் அதைக் காவல்துறையில் பதிவு செய்ய வேண்டும் என்று 1983-இல் சட்டம் வந்தது. 1980-களின் பிற்பகுதியில் வார நாள்களில் தொலைக்காட்சி ஒளிபரப்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரமே. அதிலும் பெரும்பகுதி அதிபரின் புகழ்பாடுவதே. 'செக்குரிதாதே' எனும் இரகசியக் காவல்துறைக்கு அஞ்சி மக்கள் தம் வீட்டிற்குள்ளேயே குரலைத் தாழ்த்திப் பேசினர். நாட்டில் என்ன நடக்கிறது என்பதை அறிய, வெளிநாட்டு வானொலிகளை ஒளித்துக் கேட்டனர்.

1989 டிசம்பர் நடுப்பகுதியில், லாஸ்லோ தோக்கேஷ் எனும் ஹங்கேரிய இனப் பாதிரியாரை அவருடைய இல்லத்திலிருந்து வெளியேற்ற அரசு முனைந்தது. அதைத் தடுக்கத் திமிஷ்வாரா மக்கள் திரண்டனர். டிசம்பர் 17-ஆம் நாள் படையினர் மக்களைச் சுட்டனர். இது பொய்யன்று, நடந்த உண்மை. அடுத்து நடந்ததுதான் மிகக் கொடியது. 18-ஆம் நாள் இரவோடு இரவாக, மருத்துவமனைப் பிணவறையில் இருந்த 40-க்கும் மேற்பட்ட உடல்கள் சரக்குந்தில் ஏற்றப்பட்டுத் தலைநகர் புக்காரெஸ்டுக்குக் கொண்டு செல்லப்பட்டன. அங்கே எரியூட்டப்பட்டன. சாம்பல் சாக்கடையில் கொட்டப்பட்டது. சுடப்பட்டவர்கள் இருந்தார்கள் என்பதற்கே தடயம் இருக்கக்கூடாது என்பது நோக்கம்.

இப்பொழுது அந்த இடுகாட்டை மீண்டும் எண்ணிப் பாருங்கள். மகனை இழந்த ஒரு தாய் மருத்துவமனைக்குச் செல்கிறாள், உடல் இல்லை. கணவனைத் தேடி ஒருத்தி செல்கிறாள், பெயர்ப்பட்டியலே இல்லை. எங்கே புதைத்தார்கள் என்று ஊரே தேடுகிறது. அடையாளமில்லாத புதைகுழிகள் ஏழைகளின் இடுகாட்டில் உள்ளன என்று யாரோ சொல்கிறார்கள். மண்வெட்டியோடு ஓடுகிறார்கள். தோண்டினால் உடல்கள் கிடைக்கின்றன. இவர்கள்தாம் அவர்கள் என்று நம்பாமல் வேறென்ன செய்வார்கள்?

ஆக, பொய்யான அந்தப் படத்தின் வேர், உண்மையான ஒரு குற்றத்தில் இருந்தது. உடல்களை ஒளித்தவன் அரசன். ஒளித்த இடத்தை இருளில் தேடிய மக்கள், தவறான உடல்களைக் கண்டெடுத்தனர். அவர்களை நான் குறை கூற மாட்டேன். குறை கூறத்தக்கவர்கள் ஒளிப்படக் கருவியோடு சென்றவர்கள். துயரத்தில் இருப்பவரிடம் விசாரணை எதிர்பார்க்க முடியாது. ஆனால் விசாரிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள், ஒரு மருத்துவரையாவது கேட்டிருக்க வேண்டாமா? அந்தத் தையல் எப்படி வந்தது என்று ஒருவராவது வினவியிருக்க வேண்டாமா? 4,600 என்பதை எண்ணியவர் யார் என்று ஓர் ஆசிரியர் குழுவாவது நின்று யோசித்திருக்க வேண்டாமா?

'அந்தப் படம் பொய்யானாலும் பரவாயில்லை, ஒரு கொடுங்கோலன் வீழ்ந்தானே' என்று வாதிடுவோர் உண்டு. நானும் சில காலம் அப்படி என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் நாள்காட்டியைப் பார்த்தால் அவ்வாதம் நிற்பதில்லை. திமிஷ்வாரா மக்கள் டிசம்பர் 20-ஆம் நாளிலேயே தம் நகரைச் சுதந்திர நகராக அறிவித்துவிட்டனர். 21-ஆம் நாள் புக்காரெஸ்டில் சௌசெஸ்கு ஆற்றிய உரை நேரடியாக ஒளிபரப்பானபோது கூட்டம் கூச்சலிட்டது. ஒளிபரப்பு சில நிமிடங்கள் தடைபட்டது. மறுநாள் அவர் கட்சித் தலைமையகத்தின் கூரையிலிருந்து உலங்கு வானூர்தியில் தப்பியோடினார். இடுகாட்டுப் படம் உலகைச் சுற்றி வந்தது அதன் பிறகுதான். குண்டுக்கு முன் நின்ற மக்களின் துணிவுக்கு அந்தப் படம் தேவைப்படவே இல்லை.

மாறாக, சரிபார்க்கப்படாத செய்தி அந்நாட்டில் செய்த தீமைக்கு வேறொரு கணக்கு உண்டு. அதிபர் ஓடிய அன்றே தொலைக்காட்சி நிலையம் மக்கள் வசமாயிற்று. நேற்றுவரை பொய்யை மட்டுமே ஒளிபரப்பிய திரை, இன்று இரவும் பகலும் நேரலையில். மக்கள் அதை முழுமையாக நம்பினர். 'பயங்கரவாதிகள் வருகிறார்கள்', 'குடிநீரில் நஞ்சு கலந்துவிட்டார்கள்' என்று வந்த அறிவிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக, சரிபார்க்கப்படாமல், அப்படியே வாசிக்கப்பட்டன. துப்பாக்கி ஏந்திய இளைஞர்களும் படைவீரர்களும் எங்கும் எதிரியைக் கண்டனர். டிசம்பர் 23-ஆம் நாள் காலையில் ஓட்டோபேனி விமான நிலையத்தைக் காக்க அனுப்பப்பட்ட இளம் வீரர்களை, அங்கே முன்பே காவலுக்கு நின்ற வீரர்கள் பயங்கரவாதிகள் என்று எண்ணிச் சுட்டனர். ஏறத்தாழ 50 பேர் மாண்டனர். இருதரப்பினரும் ஒரே நாட்டின் பிள்ளைகள்!

ருமேனியப் புரட்சியில் இறந்தோர் ஏறத்தாழ 1,100 பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இறந்தது கொடுங்கோலன் ஓடிய பிறகு என்பதை நினைத்துப் பாருங்கள். அந்தப் பயங்கரவாதிகள் யார் என்பது இன்றுவரை எந்த நீதிமன்றத்திலும் மெய்ப்பிக்கப்படவில்லை. புரட்சிக்குப் பின் அதிபரான இயோன் இலியெஸ்கு மீது, தொலைக்காட்சி வழியாக மக்களிடையே அச்சத்தைப் பரப்பி உயிரிழப்புகளுக்குக் காரணமானார் என்று 2018-இல் அரசு வழக்கறிஞர்கள் குற்றம் சாட்டினர். அவர் அதை மறுத்தார். 2025 ஆகஸ்டில் அவர் காலமானபோது, வழக்கு முடிவு காணாமலேயே நின்றது.

சௌசெஸ்குவும் அவர் மனைவி எலெனாவும் டிசம்பர் 25-ஆம் நாள், மிகச் சுருக்கமான விசாரணைக்குப் பின் சுட்டுக் கொல்லப்பட்டனர். 60,000 பேரைக் கொன்றதாக அங்கே குற்றம் சாட்டப்பட்டது. அவ்வெண்ணிக்கைக்கும் ஆதாரமில்லை. சாக்கடையில் சாம்பலாகக் கொட்டப்பட்ட அந்த 40-க்கும் மேற்பட்டோருக்கு அவர் விடை கூறவே இல்லை. யாரும் கேட்கவும் நேரமில்லை. மிகைப்படுத்தப்பட்ட குற்றம், உண்மையான குற்றத்தை மறைத்துவிட்டது.

இன்னொரு கொடுமையும் நேர்ந்தது. உண்மை வெளிவந்த பிறகு, பிரான்சு நாட்டில் 'திமிஷ்வாரா' எனும் பெயரே ஊடகப் பொய்க்கு மறுபெயர்போல் ஆயிற்று. உயிரைக் கொடுத்த ஒரு நகரத்தின் பெயர் பொய்யோடு சேர்த்துச் சொல்லப்படுவதைவிட அங்கு இறந்தவர்களுக்கு வேறு இழுக்கு வேண்டுமா? இறந்தவர் நூறு பேர் என்றால் நூறு பேருக்காக அழுவோம். அதை நாலாயிரம் ஆக்குவதால் நம் இரக்கம் பெருகுவதில்லை. அந்த நூறு பேரின் மரணமே ஐயத்திற்கு உள்ளாகிறது.

சரி, தவறான செய்தி எப்பொழுதும் தீமையில்தான் முடியுமா? அப்படியும் சொல்ல முடியாது. அதே 1989-இல், ருமேனியாவுக்கு ஆறு வாரங்களுக்கு முன் பெர்லினில் நடந்ததைப் பாருங்கள்.

நவம்பர் 9-ஆம் நாள் மாலை, கிழக்கு ஜெர்மனியின் ஆளுங்கட்சிப் பேச்சாளர் குந்தர் ஷபோவ்ஸ்கி செய்தியாளர் கூட்டத்தை நடத்தினார். எல்லையைக் கடந்து செல்வது பற்றிய புதிய விதிமுறைத் தாள் அவர் கையில் இருந்தது. அதை அவர் முன்கூட்டி முறையாகப் படிக்கவில்லை. விதி மறுநாள்தான் அறிவிக்கப்பட வேண்டும். மக்கள் முறைப்படி விண்ணப்பிக்கவும் வேண்டும். எப்பொழுது நடைமுறைக்கு வரும் என்று செய்தியாளர்கள் கேட்டபோது, தாளைப் புரட்டிவிட்டு, தமக்குத் தெரிந்தவரை உடனடியாக என்று விடையளித்தார். எல்லை திறக்கப்பட்டதாகச் செய்தி நிறுவனங்கள் அறிவித்தன. இரவு 8 மணிச் செய்தியில் மேற்கு ஜெர்மனியின் தொலைக்காட்சியும் அறிவித்தது. 10.40 மணியைத் தாண்டி வந்த செய்தியில், சுவரின் வாயில்கள் அகலத் திறந்து கிடப்பதாகவே கூறப்பட்டது. அந்நேரத்தில் அவை அப்படித் திறந்திருக்கவில்லை! ஆனால், அதைக் கேட்ட மக்கள் பல்லாயிரக் கணக்கில் எல்லையை நோக்கி நடந்தனர். இரவு 11.30 மணியளவில் போர்ன்ஹோல்மர் வீதிக் காவல் சாவடியில், மேலிடத்திலிருந்து தெளிவான கட்டளை வராத நிலையில், பொறுப்பதிகாரி ஹரால்ட் யேகர் தாமே முடிவெடுத்து வாயிலைத் திறந்தார். முந்திக்கொண்ட செய்தி பின்னர் மெய்யாயிற்று.

அந்த இரவைப் பற்றிப் படிக்கும்போது நமக்கும் மகிழ்ச்சி பொங்கும். ஆயினும், ஓர் ஆசிரியராக எனக்கு எழும் கேள்வி இதுதான். அதே இரவில், அதே அவசரச் செய்தியைக் கேட்டு வந்த அதே கூட்டத்தின் முன், யேகரின் இடத்தில் அச்சம் கொண்ட வேறோர் அதிகாரி நின்றிருந்தால்? அங்கே இரத்தம் சிந்தாமைக்குக் காரணம் செய்தியாளரின் கவனம் அன்று. ஒரு மனிதரின் நிதானம். ஓட்டோபேனியில் அந்த நிதானம் வாய்க்கவில்லை. நெருக்கடி காலத்தில் ஊடகம் வெறும் கண்ணாடி அன்று. நிகழ்வை நகர்த்தும் கைகளுள் அதுவும் ஒன்று. முடிவு நன்றாக அமைந்தது என்பதற்காக, விசாரிக்காமல் சொன்னது சரியாகிவிடாது. விடை தற்செயலாகச் சரியாக வந்த கணக்கிற்கு நாம் வழிமுறைப் புள்ளி தருவதில்லையே!

செய்தியாளர்களை இழிவு செய்வது என் நோக்கமன்று. அந்த டிசம்பரில் புக்காரெஸ்டில் செய்தி திரட்டச் சென்ற பிரெஞ்சு, பெல்ஜியச் செய்தியாளர்கள் இருவர் தம் உயிரையே இழந்தனர். திமிஷ்வாராப் படம் பொய் என்பதைக் கண்டறிந்து உலகிற்குச் சொன்னவர்களும் செய்தியாளர்களே. ஆகவே, 'எதையும் நம்பாதே' என்று நான் மாணவர்க்குக் கற்பிக்க மாட்டேன். எதையும் நம்பாதவர்கள் நிறைந்த நாட்டில் கொடுங்கோலன் அச்சமின்றி உறங்குவான். உடல்களை எரித்துவிட்டு, 'இதுவும் ஊடகப் பொய்' என்று அவன் சொன்னால் போதுமே!

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' எனும் பழமொழியை நம் பள்ளிகளில் கற்பிக்கிறோம். பொருளை மனனம் செய்யச் சொல்கிறோம். சூழலுக்கேற்ற பழமொழியைத் தெரிவு செய்யச் சொல்கிறோம். ஆனால், தீர விசாரிப்பது எப்படி என்று கற்பிக்கிறோமா? நான் கற்பிக்கவில்லை. கண்ணால் கண்ட ஒரு படத்தை வைத்து நான்கு ஆண்டுகள் பாடம் நடத்தியவனுக்கு அப்பழமொழியைக் கற்பிக்கும் தகுதி எங்கிருந்து வரும்?

அதன்பின் என் வகுப்பில் ஒரு சிறு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். நாளிதழ் நறுக்குகளைக் கொண்டு பாடம் நடத்தும்போது, மாணவர்கள் மூன்று கேள்விகளை எழுதி விடை தேட வேண்டும். இதை நேரில் கண்டவர் யார்? இந்த எண்ணிக்கையை எண்ணியவர் யார், எப்படி எண்ணினார்? இதே செய்தியைப் பற்றி ஒரு மாதம் கழித்து என்ன சொன்னார்கள்? மூன்றாம் கேள்விக்காக நறுக்குகளை ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு வைப்போம். மாத இறுதியில் பெட்டியைத் திறந்து, முதல் நாள் செய்தியையும் பிந்தைய செய்தியையும் அருகருகே ஒட்டுவோம். எண்கள் மாறியிருப்பதைக் கண்டு பிள்ளைகள் வியப்பார்கள். சில செய்திகள் மாறாமல் அப்படியே நிற்பதைக் கண்டும் வியப்பார்கள். அதுவும் முக்கியம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புலனக் குழுவில் ஏதேனும் ஒரு நாட்டின் கலவரப் படம் வந்தால், அதை அடுத்தவருக்கு அனுப்பும் முன் உங்கள் பிள்ளையிடம் அந்த முதல் கேள்வியை மட்டுமாவது கேளுங்கள். "இத யாருப்பா பார்த்தா?" விடை தெரியாவிட்டால் அனுப்பாமல் இருங்கள். நீங்கள் பொறுத்திருப்பதைப் பிள்ளை பார்க்கும். நாங்கள் பள்ளியில் நடத்தும் பாடத்தைவிட அந்தப் பாடம் ஆழமாகப் பதியும்.

அந்த நான்கு ஆண்டுகளில் என் கதையைக் கேட்டுக் கண்கலங்கிய மாணவர்கள் இன்று எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்களை எங்கே தேடிப் பிடித்துத் திருத்துவேன்? 1990 ஜனவரியில் வந்த திருத்தம் என் தோட்டத்து வீட்டை எட்டவில்லை. என் திருத்தமும் அவர்களை எட்டவில்லை. அவர்களுள் யாரேனும் இதைப் படித்தால், உங்கள் ஆசிரியரை மன்னியுங்கள். உங்களிடம் நான் ஒரு தவறான படத்தைக் கொடுத்துவிட்டேன்.

அன்று பெயர் கேட்ட மாணவிக்கு என்ன விடை கூறினேன் என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் குழந்தைக்கு ஒரு பெயர் உண்டு, ஆனால் அதை நாம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், அதன் துயரம் அதன் குடும்பத்திற்கு உரியது என்றேன். அவள் சற்று நேரம் யோசித்தாள்.

"அப்போ அந்தப் பாப்பாவோட நெஜ அம்மா டிவியில இதப் பார்த்திருப்பாங்களா, டீச்சர்?"

அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அந்தப் படத்தை ஒளிபரப்பியவர்களுள் ஒருவருக்காவது, பன்னிரண்டு வயதுச் சிறுமிக்குத் தோன்றிய இக்கேள்வி அன்று தோன்றியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

சிந்திப்போம். நம் பிள்ளைகளுக்கும் கேட்கக் கற்றுக்கொடுப்போம். மீண்டும் சந்திப்போம்.